இத்தியடிக் குதிரையின் மாறுகண்

கோப்பாய்க்கு வடக்கே, செம்மண் ஒழுங்கை ஒன்றின் முடிவில் ஆழ்வாப்பிள்ளை ஆசாரியாரின் வேலைக்கொட்டில் இருந்தது. அந்தப் பகுதியில் கோயில் வாகனம் செய்கிறவர்களுக்குள் அவரைப்போல் கைகாரர் இல்லை. ஊரார் இதைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தார்கள். அவர் எப்போதும் தாமே முந்திச் சொல்லிவிடுவதால் அவர்களுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

பிறர் செய்த வாகனம் எதைப் பார்த்தாலும் அவர் கண்ணில் முதலில் படுவது பிழைதான். இடபத்தைப் பார்த்து, "உது இடபமே? வீங்கின ஆடு" என்பார். அன்னத்தைப் பார்த்து, "தாராவுக்கு நகை போட்டு விட்டிருக்கினம்" என்பார். உயிருள்ள குதிரை எப்படி நிற்கும் என்று பார்ப்பதற்காக ஒருமுறை வள்ளமேறி நெடுந்தீவுக்குப் போனார். அங்கே குதிரைகள் வெளியில் தம்பாட்டில் மேய்ந்து திரியும். வெயிலில் காய்ந்து கறுத்துத் திரும்பி வந்தவரிடம் மனைவி சிவக்கொழுந்து கேட்டாள்.

"எப்பிடிக் குதிரையள்?"

"முன்னங்கால் பிழை. கழுத்தும் கட்டை. ஆர் செய்ததெண்டாலும் அளவு தெரியாத ஆள்."

"கடவுளல்லோ செய்தவர்!"

"அதுதான் சொல்லுறன்."

அவருடைய தகப்பன் கலப்பையும் வண்டிச் சில்லும் கிணற்றுத் துலாவும் செய்தவர். வாகன வேலையை ஆழ்வாப்பிள்ளைக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திருவிழா முடிந்து வாகனசாலை திறந்து கிடக்கிற நேரம் பார்த்துக் கோயில் கோயிலாகப் போவார். பழைய யாளியின் பல்லையும் மயிலின் கழுத்தையும் நூல் பிடித்து அளந்து, அளவை மனத்தில் போட்டுக்கொண்டு வந்து வேப்பங் கட்டையில் வெட்டிப் பார்ப்பார். பிழைத்தது அடுப்புக்குப் போகும். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டுச் சோறு பெரும்பாலும் யாளித் தலைகளில்தான் வெந்தது. வாய் எப்படியிருந்தாலும் அந்தப் பொறுமை மெய்யானது. ஒரு குதிரையின் இரண்டு மூக்குத் துவாரங்களும் நெல்மணியளவு வித்தியாசம் இல்லாமல் ஒத்துவருவதற்காக நாட்கணக்கில் உளியும் கையுமாக அதன் முகத்துக்கு நேரே குந்தியிருப்பார்.

எல்லாம் இருந்தும் மனிதருக்கு ஒரு குறை. அவருக்கு எவரும் பட்டுப் போட்டதில்லை.

வாகனம் செய்து முடித்துக் கொடுக்கிறபோது கடைசி வேலை கண் திறப்பது. உடம்பு முழுவதும் வர்ணம் பூசி, கண்ணுக்குள் கருமணி வைக்காமல் வெள்ளையாக விட்டிருப்பார்கள். நல்ல நாள் பார்த்துக் கோயிலில் திரை கட்டுவார்கள். ஆசாரியார் திரைக்குள் தனியே நின்று ஊசியால் கருமணியைக் கீறி மை வைப்பார். அதுவரை அது மரம், அதற்குப் பிறகு சாமியின் வாகனம். திரை விலகியதும் அதன் பார்வையில் முதலில் படும்படி கண்ணாடி காட்டுவார்கள், பசுவையும் கன்றையும் நிறுத்துவார்கள், நெல் குவித்திருப்பார்கள். அவர் திரைக்குள் நிற்கும் அந்த நேரம் முழுவதும் கோயிலில் அவர்தான் பெரியவர். குருக்களும் வெளியில் காத்து நிற்கவேண்டும். அவர் வெளியே வந்ததும் குருக்கள் உள்ளே போய்த் தீட்டுக் கழியத் தண்ணீர் தெளிப்பார். யாருடைய தீட்டு என்று எவரும் கேட்பதில்லை. ஆசாரியாரைத் தெற்கு வாசலுக்குக் கூப்பிட்டு, ஒரு தட்டத்தில் வேட்டியும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தெற்கு வாசல் வேட்டிகளால் ஆழ்வாப்பிள்ளை வீட்டுப் பெட்டகம் நிறைந்திருந்தது. அவருக்கு வேண்டியது வேறு. கொடிமரத்தடியில், சனம் பார்த்திருக்க, கோயில் மனேச்சர் தம் கையால் தோளில் போட்டுவிடும் பட்டு. அப்படிப் போடும் வழக்கம் எங்கும் இல்லை. ஆனால் தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு கோயிலில், என்ன நினைத்தார்களோ, மார்க்கண்டு ஆசாரிக்கு ஒருமுறை போட்டுவிட்டார்கள். மார்க்கண்டு அன்று தொடக்கம் அந்தப் பட்டோடுதான் கல்யாண வீட்டுக்கும் போவார், செத்த வீட்டுக்கும் போவார். மழை வந்தால் மட்டும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.

"அவன்ரை மயிலைப் பாத்தனியோ? கோழி! கோழி செய்தவனுக்குப் பட்டு!" என்று ஆழ்வாப்பிள்ளை பொருமுவார்.

"நீங்களும் ஒரு கோழியைச் செய்து பாருங்கோவன்" என்பாள் சிவக்கொழுந்து.

இப்படி இருக்கும்போதுதான் இத்தியடி வேலவர் கோயிலில் இருந்து குதிரை வாகனத்துக்கு ஆள் வந்தது. அந்தக் கோயிலின் மனேச்சர் கதிரித்தம்பி, மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர். ஊரில் றெயில் ஓடாத இடங்களிலும் அவர் நேரம் பார்த்துக்கொண்டே நடப்பார். வேட்டைத் திருவிழா அன்று வேலவர் ஏறி ஊர்வலம் போவதற்கு, தகப்பனார் நினைவாக ஒரு குதிரை செய்து கொடுப்பது அவர் விருப்பம். எப்படிப்பட்ட குதிரை வேண்டும் என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டதற்கு, "பக்கத்துக் கோயில் குதிரையிலும் பாக்க உயரமாய் இருந்தால் காணும்" என்றார். தகப்பனாரைப் பற்றி அதற்குமேல் பேச்சு வரவில்லை.

இலுப்பை மரத்தில் குதிரை எழுந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாயப்போகிற நிலை, விரிந்த மூக்கு, பிடரிமயிரில் காற்றடிப்பது போன்ற நெளிவு. நல்ல குதிரைதான், இதில் பகிடி இல்லை. வர்ணம் காய்ந்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கோயில் வாகனசாலையில் சுவரோரமாக நிறுத்தினார்கள். கண் இரண்டும் வெள்ளையாக இருந்தன. கண் திறப்புக்கு நாளும் வைத்தாயிற்று. அந்த நாளன்று காலையில்தான் ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"கண் திறந்த கையோடை எனக்குப் பட்டுப் போடவேணும், மனேச்சர் ஐயா. கொடிமரத்தடியிலை. உங்கடை கையாலை."

"பட்டோ? ஆருக்கு?"

"எனக்கு."

"வழமையில்லையே, காணும்."

"தெல்லிப்பழையிலை போட்டவை."

"தெல்லிப்பழையிலை என்னவும் செய்வினம். இண்டைக்கு உமக்குப் போட்டால் நாளைக்கு மேளகாரன் கேப்பான், நாளையிண்டைக்கு உடுப்பு வெளுத்து வெள்ளை கட்டுற கட்டாடி கேப்பான். பேந்து நான் கோயிலை மூடிப்போட்டுப் பட்டுக்கடை திறக்கவேணும்."

"அப்ப குதிரை கண்ணில்லாமல் நிக்கட்டும்."

"அது நிக்கும். நீர் எத்தினை நாளைக்கு நிப்பீர்?"

ஆழ்வாப்பிள்ளை ஊசியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அவருக்குப் பயம் இல்லை. ஓர் ஆசாரி செய்த வாகனத்துக்கு இன்னோர் ஆசாரி கண் திறக்கமாட்டான். அது அவர்களுக்குள் இருந்த இறுக்கமான கட்டுப்பாடு. மார்க்கண்டுகூட அதை மீறமாட்டார். குடாநாடு முழுவதும் வலைவீசினாலும் கதிரித்தம்பிக்கு ஒரு கை அகப்படாது. கணக்கு மெத்தச் சரி. கண்ணுக்கு மை வைக்க ஆசாரிதான் வேண்டும் என்று மனேச்சரும் நினைப்பார் என்று நம்பியதுதான் பிழை.

அவர் முகம் கழுவி, பெட்டகத்திலிருந்து தெற்கு வாசல் வேட்டி ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு வாசற் படலையைப் பார்த்தபடி இருந்தார். ஒழுங்கையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து இருந்தார்.

"உது எருவண்டி" என்று குசினிக்குள் இருந்து சிவக்கொழுந்து சொன்னாள். சற்றுப் பொறுத்து, "உதுவும் எருவண்டிதான்" என்றாள்.

அந்த நேரம் கதிரித்தம்பியின் வளவுக்குள், அவருடைய மருமகனின் பஸ்ஸில் பட்டணத்து யாகப்பு பெயர் எழுதிக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கும் சோடாக் கடைக்கும் பலகை எழுதுவது அவன் தொழில். மனேச்சர் கோபத்தோடு வளவுக்குள் நுழைந்தவர், அவன் கையிலிருந்த தூரிகையைக் கண்டதும் நின்றார்.

"யாகப்பு, உனக்குக் கண் கீறத் தெரியுமோ?"

"ஆற்றை கண் ஐயா?"

"குதிரையின்ரை."

"சோடாப் போத்திலுக்கே கண்ணும் மூக்கும் கீறிச் சிரிக்க வைச்சிருக்கிறன் ஐயா. குதிரை என்ன பெரிய வேலையே?"

எங்கே நிற்கிற குதிரை என்று தெரிந்ததும் யாகப்பு பின்வாங்கினான். "ஐயா, நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். உங்கடை கோயிலுக்குள்ளை..."

"ஆர் உன்னைக் கேட்டது? இண்டைக்கு உன்ரை பேர் முருகேசு. சட்டையைக் கழட்டு."

முருகேசு ஆகிவிட்ட யாகப்புவைத் தலையில் துவாயைப் போர்த்திப் பின்வழியால் கூட்டிப்போய்த் திரைக்குள் தள்ளினார் மனேச்சர். குதிரையின் மூக்கு சுவரை முட்டிக்கொண்டு நின்றது. முன்னே நின்று முகத்தைப் பார்க்க இடம் இல்லை. யாகப்பு இடப்பக்கத்தில் நெரிந்து நின்று ஒரு கண்ணை முடித்தான். பிறகு வாலைச் சுற்றி வலப்பக்கம் போய், மற்றக் கண்ணை ஒரு குத்துமதிப்பாக முடித்தான். பூசியது பஸ்ஸுக்குப் பூசிய மிச்சக் கறுப்பு. பளபளவென்று இருந்தது.

ஆசாரியார் விடியவே கண் திறந்துவிட்டு உடம்பு சுகமில்லாமல் போய்விட்டார் என்று குருக்களுக்குச் சொல்லப்பட்டது. குதிரையை மண்டபத்துக்கு உருட்டிவந்து திரையை விலக்கிக் கண்ணாடியைக் காட்டினார்கள். ஒரு கண் கண்ணாடியைப் பார்த்தது. மற்றது சற்று மேலே எழும்பி, மடைப்பள்ளிப் பக்கம் பார்த்தது. குருக்கள் இரண்டையும் பார்த்தார், மனேச்சரையும் பார்த்தார். குருக்களின் வேலை மனேச்சரின் கையில். அவர் வழமைபோலத் தண்ணீர் தெளித்தார். அன்றைக்கு வழமையைவிடக் கொஞ்சம் கூடத் தெளித்தார் என்று சொல்கிறார்கள்.

வேட்டைத் திருவிழாவுக்கு ஆழ்வாப்பிள்ளை போகவில்லை. சிவக்கொழுந்து போய்விட்டு வந்தாள்.

"உங்கடை குதிரை வந்தது."

"கண்ணில்லாமலோ?"

"இரண்டு கண்ணோடையும்தான். ஆனால் இரண்டும் இரண்டு ஊரிலை."

அவர் எழுந்தே விட்டார். ஆனால் அவள் சொல்லி முடிக்கவில்லை. ஊர்வலம் தோட்டப்பக்கம் போனபோது, செல்லன் என்கிறவன் ஒரு வேலி மூலையில் ஒதுங்கி நின்றானாம். சாமி அந்தப் பக்கம் பார்க்கிறார், தன்னை ஒருவரும் காணவில்லை என்று எண்ணி நிமிர்ந்தவனைக் குதிரையின் மற்றக் கண் நேரே பார்த்துக்கொண்டிருந்ததாம். விழுந்து கும்பிட்டு, இராசாத்தி வீட்டில் களவுபோன புகையிலைச் சிப்பங்களை எடுத்தது தான்தான் என்று குழறினானாம். சனம் முழுவதும் அரோகரா சொன்னதாம்.

"மாறுகண்ணுக்கு, ஒரு வாக்குக் கண்ணுக்கு அரோகராவோ!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"அப்பிடி அங்கை போய்ச் சொல்லிப்போடாதையுங்கோ. அடிப்பினம்."

அதற்குப் பிறகு நடந்தது யாழ்ப்பாணத்தில் மட்டுமே நடக்கக்கூடியது. எல்லை வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிக்கொண்டிருந்தவர்கள் இத்தியடிக்கு வரத் தொடங்கினார்கள். குதிரைக்கு முன்னால் ஒரு கட்சி இடப்பக்கமும் மறுகட்சி வலப்பக்கமும் நின்று சத்தியம் பண்ணவேண்டும். நேர்ப்பார்வைக் குதிரையாக இருந்தால் ஒரு கட்சியைத்தான் பார்க்கும், மற்றக் கட்சி பொய் சொல்லித் தப்பிவிடும். இந்தக் குதிரையிடம் அந்த இடைஞ்சல் இல்லை. வேலிகள் வந்தன, கிணற்றுப் பங்குகள் வந்தன, ஒரு பலாமரத்தின் கொப்பு எவர் வளவுக்குள் காய்ப்பது என்ற வழக்கும் வந்தது. வழக்குப் பேசும் பட்டணத்துப் பிரக்கிராசிமாருக்கு அந்த வருடம் தொழில் மந்தம் என்றும், அவர்களில் ஒருவர் குதிரையை வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார் என்றும் கதை.

ஆழ்வாப்பிள்ளை ஒருநாள் சனத்தோடு சனமாகப் போய் நின்று பார்த்தார். நெல்மணி பிசகாமல் தாம் ஒத்துவைத்த மூக்குத் துவாரங்களை எவரும் பார்க்கவில்லை. பிடரியின் நெளிவை எவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தப் பஸ் கறுப்பையே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் மடியில் ஊசி இருந்தது. நேரே மனேச்சரிடம் போனார்.

"குதிரைக்கு நான் கண் திறக்கேல்லை. இப்ப அழிச்சுப்போட்டுத் திறக்கப்போறன். முதல் திறந்தது ஆரெண்டும் சனத்துக்குச் சொல்லப்போறன். அந்தக் கறுப்பை உங்கடை மருமோன்ரை பஸ்ஸிலையும் பாத்தனான்."

மனேச்சர், நாளைக்குப் பேசுவம் என்று அவரை அனுப்பிவைத்தார். மறுநாள், மலாயாவிலிருந்து வந்த நாள் தொடக்கம் எந்த ஆசாரி வீட்டுப் படலையும் தாண்டாதவர், மருமகனின் பஸ்ஸில் தனி ஆளாக வந்து ஆழ்வாப்பிள்ளையின் வேலைக்கொட்டிலில் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"இஞ்சை பாரும். கண்ணை அழிச்சீரெண்டால் சனம் உம்மையும் அடிக்கும், என்னையும் அடிக்கும். வேதக்காரன் கை வைச்சதெண்டு தெரிஞ்சால் குருக்களுக்கும் அடி விழும். மூண்டு பேருக்கு அடிவாங்கித் தாறதிலை உமக்கு என்ன லாபம்?"

"அது என்ரை கையில்லை."

"சனம் உம்மடை கையெண்டுதானே சொல்லுது. அதுகள் சொல்லிக்கொண்டு போகட்டுமே. வாற கொடியேற்றத்தண்டு, கொடிமரத்தடியிலை, என்ரை கையாலை..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

ஆழ்வாப்பிள்ளை மரம் செதுக்கும் வாய்ச்சியின் விளிம்பைப் பெருவிரலால் தடவினார். அப்படியே நியாயம் பேசி மனேச்சரை எழுப்பி அனுப்பியிருக்கலாம். அந்தக் கண் பிழை என்று அவருக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியாவிட்டாலும் அதன் மூக்குக்குத் தெரியும். வாய்ச்சியைக் கீழே வைத்தார்.

"பட்டு என்ன நிறம்?" என்று கேட்டார்.

குசினிக்குள் சட்டி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. சிவக்கொழுந்து சிரிப்பை அடக்க முயன்றதில் விழுந்தது.

கொடியேற்றத்தன்று பட்டு வந்தது. பச்சை நிறம், மாம்பழக் கரை. கொடிமரத்தடியில், சனம் முண்டியடித்துப் பார்த்திருக்க, கதிரித்தம்பி தம் கையால் போட்டார். ஆழ்வாப்பிள்ளையின் மேல் விரல் படாமல் போட்டார் என்பதை முன்னால் நின்றவர்கள் மட்டுமே கண்டார்கள். மேளம் முழங்கி ஓய்ந்ததும் கூட்டத்தில் இருந்த ஒரு வாத்தியார் கேட்டார்.

"ஆசாரியார், உந்தப் பார்வைக்குச் சாத்திரத்திலை என்ன பேர்?"

அது தம் கையில்லை என்று சொல்வதென்றால் அப்போது சொல்லியிருக்கவேண்டும். பட்டு தோளில் வழவழவென்று இருந்தது.

"இருதிசை நோக்கு" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"எந்தச் சாத்திரத்திலை?"

"எங்கடை சாத்திரத்திலை."

வாத்தியார் தலையாட்டினார். அன்று மாலைக்குள் இருதிசை நோக்கு ஊர் முழுவதும் பரவி, சிலருக்கு அதற்கு ஒரு வடமொழிச் சுலோகமும் நினைவுக்கு வந்துவிட்டது.

பட்டுக்குப் பின்னால் வேலை வந்தது. முதலில் வந்தவர்கள் கொடிகாமத்தார். அவர்களுக்கும் குதிரைதான் வேண்டும், அதே பார்வையோடு. ஆழ்வாப்பிள்ளை தமக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் செய்தார். நூல் பிடித்து அளந்து, இடக் கருமணியை ஒரு நெல் முன்னுக்கும் வலக் கருமணியை ஒரு நெல் மேலேயும் தள்ளி வைத்தார். முடியவில்லை, இரண்டு கண்ணும் தமக்குள் பேசி வைத்தவைபோல ஓர் ஒழுங்கோடு மாறின. முன்னோட்டம் பார்க்க வந்த கொடிகாமத்தார் குதிரையை இப்படியும் அப்படியும் நின்று பார்த்தார்கள்.

"ஆசாரியார், இது வெறும் வாக்குக் கண்ணல்லோ" என்றார் பெரியவர்.

"அதுவும் வாக்குக் கண்தான்!"

"சீச்சீ, அது பார்வை. உதிலை அருள் இல்லை. நீங்கள் செய்ததே எண்டு எங்களுக்குச் சந்தேகமாய்க் கிடக்கு."

அழித்து வைத்தார். மறுபடியும் அருள் வரவில்லை. கருமணி எங்கே வைத்தாலும், பிழைக்கத் தெரியாத அந்தக் கை அதை ஒரு கணக்குக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். அந்த முறை இரண்டும் நேராக அமைந்துவிட்டன.

"கூப்பிடவேண்டிய ஆளைக் கூப்பிடுங்கோவன்" என்றாள் சிவக்கொழுந்து. "பட்டையும் வாங்கிப்போட்டு வெக்கம் என்னத்துக்கு?"

கண்ணை யாகப்புவைக் கொண்டு கொட்டிலிலேயே முடித்துத் துணியால் மூடிக்கொண்டு போவது, கோயிலில் திரைக்குள் சும்மா நின்றுவிட்டுத் துணியை உருவுவது என்று ஏற்பாடு. தாம் பெரியவராக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் தமக்கு இனி வேலை ஒன்றும் இல்லை என்பதை ஆழ்வாப்பிள்ளை தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார். யாகப்புவைப் பட்டணத்தில் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்.

யாகப்பு குதிரையைக் கண்டதும் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, போனமுறை சுவரோடை நெரிஞ்சு நிண்டு கீறினது. முகத்தைப் பாக்க இடமில்லை. எனக்கு இண்டைவரைக்கும் அது வெக்கம். இந்தமுறை முன்னாலை நிண்டு வடிவா, நேராய் வைச்சுத் தாறன்."

"நேராய் வையாதை!" என்று ஆழ்வாப்பிள்ளை கத்தினார். கத்தியதோடு நிற்காமல், இரண்டு கையாலும் குதிரையை உந்தி, தாம் ஒத்துவைத்த மூக்கு சுவரில் இடிக்கும் வரை தள்ளினார். சாளரத்தைச் சாத்தினார். பிறகு வெளியே போய்ப் படலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். உள்ளே யாகப்பு சீட்டியடித்துக்கொண்டு இடப்பக்கத்தை முடிப்பதும், வாலைச் சுற்றி வலப்பக்கம் போவதும் கேட்டது.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ, சரியோ எண்டு."

"சரியாயிருந்தால் அழிச்சுப்போட்டுத் திருப்பிக் கீறு" என்றார் ஆழ்வாப்பிள்ளை.